நோர்பெர்ட் வீனர்

நோர்பெர்ட் வீனர் (நவம்பர் 26, 1894 – மார்ச் 18, 1964) ஓர் அமெரிக்கக் கணிதவியலாளர் ஆவார். இரைச்சல் கலந்த அளவீடுகளிலிருந்து உண்மையான மதிப்பை மதிப்பிடுவதற்கான கணிதக் கோட்பாட்டை உருவாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். வீனர் வடிகட்டி, வீனர் நிகழ்முறை, வீனர்-ஹொப் சமன்பாடு ஆகியவை இவர் பெயரால் வழங்கப்படுகின்றன. உயிரினங்களிலும் இயந்திரங்களிலும் நிகழும் கட்டுப்பாட்டையும் தொடர்பாடலையும் ஒன்றாக ஆராயும் சைபர்னெட்டிக்ஸ் என்னும் துறையைத் தோற்றுவித்தவரும் இவரே. வெப்பநிலை, ஒளி, அழுத்தம் முதலியவற்றை அளக்கும் உணரிகளின் தரவுகளைச் சிறிய நுண்கட்டுப்படுத்திகள் சீராக்கும் முறைகளுக்குப் பொருள் தரும் கோட்பாடு, இரண்டாம் உலகப் போரின்போது இவர் மேற்கொண்ட ஆய்வில் உருவானதாகும்.

இளமையும் கல்வியும்

வீனர் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா என்னும் ஊரில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தை லியோ வீனர், தாய் பெர்த்தா கான். அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த பியாலிஸ்டொக் நகரில் பிறந்த லியோ, பல மொழிகள் அறிந்தவர். பின்னர் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஸ்லாவிய மொழிகளின் பேராசிரியராகப் பணியாற்றினார். டால்ஸ்டாயின் படைப்புகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர்களுள் அவரும் ஒருவர்.

மகனைத் தம் முறைப்படி வீட்டிலேயே பயிற்றுவித்த லியோ, பிழைகளைக் கடுமையாகக் கண்டிப்பவராக இருந்தார். வீனருக்கு எட்டு வயதானபோது கண்பார்வை மிகவும் குறைந்ததால், ஆறு மாதங்கள் எதையும் படிக்கக் கூடாது என்று மருத்துவர் தடை விதித்தார். அக்காலத்தில் பாடங்கள் வாய்மொழியாகவே நடைபெற்றன. எழுதாமல் மனத்துக்குள்ளேயே கணக்கிடும் பழக்கம் இவருக்கு அப்போது உண்டாயிற்று.

1906 ஆம் ஆண்டில் 11 வயதில் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்த வீனர், 1909 இல் 14 வயதில் டஃப்ட்ஸ் கல்லூரியில் கணிதத்தில் பட்டம் பெற்றார். பின்னர் ஹார்வார்டில் விலங்கியல் படிக்கத் தொடங்கினார். ஆனால் கண்பார்வைக் குறைவும் கைத்திறன் இன்மையும் ஆய்வகப் பணிக்குத் தடையாக இருந்தமையால் அதைக் கைவிட்டார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு மெய்யியல் பயின்றபின் ஹார்வார்டுக்குத் திரும்பி, கணிதத் தருக்கவியலில் ஆய்வு செய்து 18 வயதில் முனைவர் பட்டம் பெற்றார்.

அதன்பின் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பெர்ட்ரண்ட் ரசலிடமும் ஜி. எச். ஹார்டியிடமும், ஜெர்மனியின் கோட்டிங்கனில் டேவிட் ஹில்பேர்ட்டிடமும் பயின்றார். தருக்கவியலோடு நின்றுவிடாமல் கணிதத்தையும் அண்மைக்கால இயற்பியலையும் கற்குமாறு ரசல் இவருக்கு அறிவுறுத்தினார். ஐன்ஸ்டைன் 1905 இல் வெளியிட்ட கட்டுரைகளை வீனர் படித்தது அவ்வறிவுரையின் பயனாகும்.

முதல் உலகப் போர்க்காலத்தில் கலைக்களஞ்சியம் ஒன்றின் எழுத்தாளராகவும், மேரிலாந்தின் அபெர்டீன் படைத்தளத்தில் பீரங்கிக் குண்டுகளின் பாதை அட்டவணைகளைக் கணக்கிடுபவராகவும் பணியாற்றினார். 1919 இல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கணித ஆசிரியராகச் சேர்ந்தார். தம் பணிக்காலம் முழுவதும் அங்கேயே இருந்தார். 1926 இல் மார்கரெட் எங்கெமான் என்பவரை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள்.

ஒழுங்கற்றவற்றின் கணிதம்

மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் சார்ல்ஸ் ஆற்றின் கரையில் அமைந்துள்ளது. ஓயாமல் மாறும் ஆற்று அலைகளைக் கணிதத்தால் எவ்வாறு விவரிப்பது என்னும் வினா வீனரை ஈர்த்தது. ஒவ்வொரு துளியின் இயக்கத்தையும் எழுத முயல்வது பயனற்றது. ஆனால் அலைகளின் சராசரி உயரம், எந்த நீளமுடைய அலைகள் மிகுதியாக வருகின்றன என்பன போன்ற புள்ளியியல் பண்புகள் நிலையானவை. வீனரின் பிற்கால ஆய்வுகள் பலவற்றுக்கும் இந்த அணுகுமுறையே அடிப்படையாகும்.

நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒழுங்கின்றி அலைவது பிரௌனியன் இயக்கம் எனப்படுகிறது. ஐன்ஸ்டைன் இதற்கு இயற்பியல் விளக்கம் தந்திருந்தார். 1923 இல் வீனர் அதற்கு உறுதியான கணித அடித்தளம் அமைத்தார். அத்துகளின் பாதை எங்கும் அறுபடாதது. ஆயினும் அதன் எந்தப் புள்ளியிலும் தொடுகோடு வரைய இயலாது என்பதை நிறுவினார். இது இன்று வீனர் நிகழ்முறை எனப்படுகிறது.

1930 இல் வெளியான பொதுமைப்படுத்திய இசைவுப் பகுப்பாய்வு பற்றிய கட்டுரையில், முடிவின்றித் தொடரும் ஒழுங்கற்ற அலைகளை அதிர்வெண்களாகப் பிரிக்கும் வழியைக் காட்டினார். ஒரு குறிகை தன்னுடைய முந்தைய மதிப்புகளோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை அளக்கும் தன் ஒட்டுறவுச் சார்பிலிருந்து அதன் திறன் நிறமாலையைக் கணிக்கலாம் என்பது இதன் சாரம். 1934 இல் ரஷ்யக் கணிதவியலாளர் அலெக்சாந்தர் கின்ச்சினும் இத்தகைய முடிவை எட்டியதால் இது வீனர்-கின்ச்சின் தேற்றம் என்று அழைக்கப்படுகிறது.

1931 இல் எபர்ஹார்ட் ஹொப் என்பவருடன் இணைந்து ஒருவகைத் தொகையீட்டுச் சமன்பாட்டுக்குத் தீர்வு கண்டார். விண்மீன்களில் கதிர்வீச்சுச் சமநிலை பற்றிய ஆய்வில் எழுந்த இச்சமன்பாடு, பத்தாண்டுகளுக்குப் பின் முற்றிலும் வேறொரு சிக்கலில் பயன்பட்டது.

போர்க்கால ஆய்வு

இரண்டாம் உலகப் போரில் வானூர்திகளைச் சுட்டு வீழ்த்துவது பெரும் சிக்கலாக இருந்தது. குண்டு இலக்கை அடையப் பல வினாடிகள் ஆகும். அதற்குள் வானூர்தி நெடுந்தொலைவு சென்றுவிடும். எனவே அது இருக்கும் இடத்தை விட்டு, இருக்கப்போகும் இடத்தை நோக்கிச் சுட வேண்டும். வானூர்தியின் நிலையைத் தரும் அளவீடுகளிலோ பிழைகள் கலந்திருக்கும். ஆகவே பிழைகளை நீக்குதல், எதிர்கால நிலையைக் கணித்தல் ஆகிய இரண்டையும் ஒரே கருவி செய்ய வேண்டியிருந்தது.

1940 இன் இறுதியில் அமெரிக்க அரசின் தேசியப் பாதுகாப்பு ஆய்வுக் குழுவின் ஆதரவுடன் வீனர் இப்பணியைத் தொடங்கினார். பொறியாளர் ஜூலியன் பிகலோ இவருடன் பணியாற்றினார். முதலில் வடிவமைத்த முறை, வழுவழுப்பான பாதைகளை நன்கு பின்தொடர்ந்தது. ஆனால் பாதையில் திடீர்த் திருப்பம் ஒன்று வந்ததும் அதன் விடைகள் கடுமையாக அலைந்தன. மிகுந்த துல்லியத்தை நாடும் கருவி சிறு பிழைகளையும் பெருக்கிக் காட்டும் என்பதை இது உணர்த்தியது. துல்லியத்துக்கும் உறுதிக்கும் இடையே எங்கு நிற்பது என்பது, குறிகையும் இரைச்சலும் எத்தகையவை என்பதைப் பொறுத்தது என்று வீனர் முடிவு செய்தார். இதனால் சிக்கல் புள்ளியியல் சார்ந்ததாக மாறியது.

1942 பெப்ரவரியில் இவ்வாய்வின் முடிவுகள் இரகசிய அறிக்கையாக வெளியிடப்பட்டன. அதன் மஞ்சள் அட்டையையும் கணிதக் கடினத்தையும் குறித்துப் பொறியாளர்கள் அதை மஞ்சள் ஆபத்து என்று கேலியாக அழைத்தனர். சோவியத் ஒன்றியத்தில் ஆந்த்ரேய் கொல்மகோரொவ் 1941 இல் இதே சிக்கலுக்குத் தனியாகத் தீர்வு கண்டிருந்தார்.

வீனரின் கருவி போரில் பயன்படுத்தப்படவில்லை. உண்மையான வானூர்திப் பாதைகளைக் கொண்டு சோதித்தபோது, எளிய வடிவியல் முறைகளைக் காட்டிலும் பெரிய மேம்பாடு கிடைக்கவில்லை. ஒரு வானூர்தி பீரங்கியின் எல்லைக்குள் இருக்கும் நேரம் மிகக் குறைவு. அதற்குள் அதன் புள்ளியியல் பண்புகளை அறியப் போதிய தரவு கிடைப்பதில்லை. திட்டம் கைவிடப்பட்டது, கோட்பாடு நிலைத்தது.

வீனர் வடிகட்டி

ஓர் அளவீட்டில் குறிகையும் இரைச்சலும் கலந்துள்ளன என்று கொள்வோம். வடிகட்டி தரும் விடைக்கும் உண்மையான குறிகைக்கும் இடையிலான பிழையின் வர்க்கச் சராசரி மிகக் குறைவாக இருக்க வேண்டும். இந்நிபந்தனையை நிறைவு செய்யும் நேரியல் வடிகட்டியே வீனர் வடிகட்டி ஆகும்.

முழுப் பதிவும் கையில் இருந்து, குறிகையும் இரைச்சலும் ஒன்றோடொன்று தொடர்பின்றி இருந்தால் விடை எளியது. ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் குறிகையின் திறனை, குறிகை, இரைச்சல் ஆகியவற்றின் மொத்தத் திறனால் வகுக்க வேண்டும். அந்த ஈவே அவ்வதிர்வெண்ணுக்கு வடிகட்டி தரும் பெருக்கம். எடுத்துக்காட்டாக, குறிகை 9 பங்கும் இரைச்சல் 1 பங்கும் உள்ள அதிர்வெண் 0.9 ஆல் பெருக்கப்படும். இரண்டும் சமமாக உள்ள இடத்தில் பெருக்கம் 0.5. குறிகையே இல்லாத இடத்தில் பெருக்கம் சுழியம்.

ஆனால் இயங்கிக்கொண்டிருக்கும் கருவிக்கு எதிர்கால அளவீடுகள் கிடைப்பதில்லை. கடந்தகால மதிப்புகளை மட்டும் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டைச் சேர்த்தால், சிக்கல் வீனர்-ஹொப் சமன்பாடாக உருவெடுக்கிறது. விண்மீன்களுக்காகத் தீர்க்கப்பட்ட சமன்பாடு இவ்வாறு பீரங்கிகளுக்குப் பயன்பட்டது. சற்றுத் தாமதத்தை ஏற்றுக்கொண்டால் பிழை குறையும். எதிர்காலத்தைக் கணிக்க முயன்றால் பிழை கூடும் என்பதையும் இக்கோட்பாடு அளவிட்டுக் காட்டுகிறது.

வீனரின் கணிதம் தொடர்ச்சியான நேரத்தையும் மின்தடை, மின்தேக்கி முதலியவற்றால் ஆன சுற்றுகளையும் சார்ந்திருந்தது. 1947 இல் இவருடைய மாணவர் நோர்மன் லெவின்சன், சீரான இடைவெளியில் எடுக்கப்பட்ட மாதிரிகளுக்கு ஏற்ப இதை எளிமைப்படுத்தினார். தொகையீடுகளின் இடத்தைக் கூட்டல்கள் பிடித்தன. எண்ணிமக் கணினிகளுக்கு ஏற்ற வடிவம் இதுவே.

அறிக்கையைத் தர மறுத்தல்

1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா, நாகசாகி நகரங்களின்மீது அணுகுண்டுகள் வீசப்பட்டமை வீனரை ஆழமாகப் பாதித்தது. அதன்பின் வானூர்தி நிறுவனம் ஒன்றில் ஏவுகணை ஆய்வில் ஈடுபட்டிருந்த அறிவியலாளர் ஒருவர், போர்க்காலத்தில் வீனர் எழுதிய ஆய்வறிக்கையின் படியைக் கேட்டு எழுதினார். வீனர் தர மறுத்தார். அவருடைய மறுப்புக் கடிதம் 1947 ஜனவரியில் அட்லாண்டிக் மன்த்லி இதழில் வெளியாயிற்று.

தகவல் தருவதும் ஒரு செயலே. அதன் விளைவுக்குத் தருபவரும் பொறுப்பாவார் என்பது அவருடைய நிலைப்பாடு. ஏவுகணைகள் குடிமக்களைக் கண்மூடித்தனமாகக் கொல்வதற்கே பயன்படும் என்று கருதிய அவர், படைத்துறையினர் கைகளில் தீங்கு விளைவிக்கக்கூடிய எதையும் இனி வெளியிடப் போவதில்லை என்று அறிவித்தார். அதே மாதம் ஹார்வார்டில் கடற்படையின் ஆதரவுடன் நடைபெற்ற கணினி மாநாட்டில் உரையாற்றுவதிலிருந்தும் விலகினார். அவருடைய முடிவை அறிவியலாளர் சிலர் பாராட்டினர். அறிவைப் பூட்டி வைக்க இயலாது என்று வேறு சிலர் மறுத்துரைத்தனர். இரகசியக் கட்டுப்பாடு நீங்கியபின் 1949 இல் அவ்வறிக்கையே லெவின்சனின் கட்டுரைகளுடன் நூலாக வெளிவந்தது. அதன்பின் அதே கணிதம் மருத்துவக் கருவிகளுக்கும் ஏவுகணைகளுக்கும் ஒருங்கே பயன்பட்டது.

சைபர்னெட்டிக்ஸ்

வானூர்தியைக் குறிவைக்கும் ஆய்வில், விமானியும் பீரங்கியை இயக்குபவரும் கருவியின் பகுதிகளாகவே செயல்படுவதை வீனர் கவனித்தார். இலக்குக்கும் தற்போதைய நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து அதற்கேற்பச் செயலைத் திருத்துவது பின்னூட்டம் எனப்படுகிறது. ஒரு பொருளை எடுக்க நீளும் கையும் வெப்பநிலையை நிலைநிறுத்தும் கருவியும் இவ்வகையில் ஒத்தவை. மெக்சிகோவைச் சேர்ந்த உடலியங்கியல் அறிஞர் ஆர்தூரோ ரோசன்புளூத், பிகலோ ஆகியோருடன் 1943 இல் இதுபற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1948 இல் வெளியான சைபர்னெட்டிக்ஸ் என்னும் நூல் இக்கருத்துகளை விரிவாக எடுத்துரைத்தது. கப்பலைச் செலுத்தும் சுக்கானியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வீனர் இப்பெயரை அமைத்தார்.

தானியங்கு இயந்திரங்கள் தொழிலாளர்களின் வாழ்வைப் பாதிக்கும் என்பதையும் வீனர் முன்கூட்டியே உணர்ந்தார். 1949 இல் வாகனத் தொழிலாளர் சங்கத் தலைவர் வால்டர் ரூதருக்கு இதுபற்றி எச்சரித்துக் கடிதம் எழுதினார்.

இந்தியாவில் வீனர்

1955-56 இல் பி. சி. மகாலனோபிஸ் தலைமையில் இயங்கிய கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வீனர் வருகைப் பேராசிரியராகப் பணியாற்றினார். இந்தியக் கணிதவியலாளர் பி. ஆர். மசானியுடன் இணைந்து, ஒரே நேரத்தில் பல அளவீடுகளைக் கொண்ட தொடர்களை முன்கணிக்கும் கோட்பாட்டை உருவாக்கினார். அக்கட்டுரைகள் 1957, 1958 ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. மசானி பின்னர் வீனரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1990 இல் வெளியிட்டார்.

நுண்கட்டுப்படுத்திகளில் வீனரின் கருத்து

இன்று வெப்பநிலை உணரி தரும் மின்னழுத்தத்தை நுண்கட்டுப்படுத்தியில் உள்ள ஒப்புமை-எண்ணிம மாற்றி எண்ணாக மாற்றுகிறது. 10 இரும மாற்றி 5 வோல்ட் எல்லையை 1024 படிகளாகப் பிரிக்கும். ஒரு படி ஏறத்தாழ 4.9 மில்லிவோல்ட். உணரி அசையாதிருந்தாலும் அடுத்தடுத்த எண்கள் சில படிகள் மேலும் கீழும் தாவுவதுண்டு. இதைச் சீராக்க இரு எளிய முறைகள் பெரிதும் பயன்படுகின்றன.

முதலாவது நகரும் சராசரி. அண்மைய 15 மாதிரிகளின் சராசரியை எடுத்தால், ஒன்றையொன்று சாராத இரைச்சலின் திட்ட விலக்கம் 15 இன் வர்க்கமூலத்தால் வகுபடும்; அதாவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகும். ஆனால் விடை 7 மாதிரிகள் பின்தங்கும்.

இரண்டாவது அடுக்குக்குறிச் சீராக்கல். புதிய மாதிரிக்கும் பழைய விடைக்கும் உள்ள வேறுபாட்டில் எட்டில் ஒரு பங்கைப் பழைய விடையுடன் கூட்டுவது இம்முறை. இதிலும் இரைச்சல் அதே அளவு குறைகிறது. சராசரித் தாமதமும் 7 மாதிரிகளே. ஆயினும் 15 மாதிரிகளுக்குப் பதிலாக ஒரே ஓர் எண்ணை நினைவில் வைத்தால் போதும். எட்டால் வகுப்பதற்கு இருமங்களை வலப்புறம் மூன்று இடம் நகர்த்தலாம். அவ்வாறு நகர்த்தும்போது விழுந்துவிடும் இருமங்கள் இழக்கப்படாதவாறு, விடையை எட்டு மடங்காகச் சேமித்து வைப்பது வழக்கம்.

எட்டில் ஒரு பங்கு என்னும் எண்ணை எவ்வாறு தேர்ந்தெடுப்பது? இவ்வினாவுக்கு வீனரின் கோட்பாடு விடை தருகிறது. உண்மையான வெப்பநிலை, வீனர் நிகழ்முறையின் படிநிலை வடிவமான சமவாய்ப்பு நடைபோல் மெதுவாக மாறுகிறது என்றும், அளவீட்டு இரைச்சல் ஒன்றையொன்று சாராதது என்றும் கொண்டால், அடுக்குக்குறிச் சீராக்கலே மிகச் சிறந்த நேரியல் வடிகட்டி ஆகும். இரைச்சலின் திட்ட விலக்கம், இரு மாதிரிகளுக்கிடையே வெப்பநிலை மாறும் அளவின் திட்ட விலக்கத்தைப்போல் ஏறத்தாழ 7.5 மடங்காக இருந்தால் எட்டில் ஒரு பங்கு பொருந்தும். இரைச்சல் அதைவிட மிகுந்தால் சிறிய பங்கும், வெப்பநிலை விரைவாக மாறினால் பெரிய பங்கும் ஏற்றவை. வரைகோடு பார்வைக்கு அழகாகத் தோன்றும் வரை சீராக்குவது உண்மையான மாற்றத்தையும் மறைத்துவிடக்கூடும்.

குறிகையின் பண்புகள் காலப்போக்கில் மாறினால் வீனரின் நிலையான வடிகட்டி போதாது. 1960 இல் ருடோல்ப் கால்மன் வெளியிட்ட வடிகட்டியும், அதே ஆண்டில் பெர்னார்ட் விட்ரோ, டெட் ஹொப் ஆகியோர் வெளியிட்ட தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் முறையும் இக்குறையை நீக்கின. தொலைபேசியில் எதிரொலியை நீக்கும் முறைகள் இவ்வழியில் வளர்ந்தவை.

இறுதிக்காலமும் சிறப்புகளும்

1933 இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் போஷே பரிசு வீனருக்கு வழங்கப்பட்டது. 1960 இல் பணி ஓய்வு பெற்றார். 1964 ஜனவரியில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லின்டன் ஜோன்சனிடமிருந்து தேசிய அறிவியல் பதக்கத்தைப் பெற்றார். அதே ஆண்டு மார்ச் 18 ஆம் நாள் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் காலமானார். அவருடைய இறுதி நூலுக்கு 1965 இல் அமெரிக்காவின் தேசியப் புத்தக விருது வழங்கப்பட்டது. நிலவின் மறுபக்கத்தில் உள்ள பள்ளம் ஒன்றுக்கு இவருடைய பெயர் சூட்டப்பட்டுள்ளது.

முக்கிய நூல்கள்

- சைபர்னெட்டிக்ஸ் (1948) – விலங்கிலும் இயந்திரத்திலும் கட்டுப்பாடும் தொடர்பாடலும்
- நிலைத்த காலத்தொடர்களின் புறக்கணிப்பு, இடைக்கணிப்பு, சீராக்கல் (1949) – 1942 ஆம் ஆண்டின் இரகசிய அறிக்கை
- மனிதர்களை மனிதர்களாகப் பயன்படுத்தல் (1950) – சைபர்னெட்டிக்சும் சமூகமும்
- முன்னாள் மேதைச் சிறுவன் (1953) – தன்வரலாற்றின் முதற்பகுதி
- நான் ஒரு கணிதவியலாளன் (1956) – தன்வரலாற்றின் இரண்டாம் பகுதி
- கடவுளும் கோலெமும் (1964) – இயந்திரங்களும் சமயமும் குறித்த சிந்தனைகள்